கப்பலில் சுஷி: அடுப்படிக் கேள்வி பதில்

(சொகுசுக் கப்பல்களின் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது காரைக்குடியில் மெஸ் நடத்தும் நம் சமையல்காரர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அங்கிருந்து புறப்படும் கப்பலில் எல்லோருக்கும் டிக்கெட் போட்டிருக்கிறான். பிள்ளைகள் இப்போதே சுஷி, சுஷி என்று குதிக்கிறார்கள். கப்பலில் கிடைக்குமா? டிக்கெட்டிலேயே சேர்த்தியா, தனிக் காசா? நன்றாக இருக்குமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

கிடைக்கும். சுஷி என்பது வினிகர் கலந்த சோற்றோடு மீனோ காயோ சேர்த்துத் தரும் ஜப்பானியப் பண்டம். ஆனால் ஒரே கப்பலில் அது இரண்டு விதமாகக் கிடைக்கும். பஃபேயில் தட்டில் அடுக்கி வைத்திருப்பது ஒன்று. அதற்குத் தனிக் காசு இல்லை. பெரும்பாலும் வெள்ளரிக்காயோ நண்டுக் குச்சியோ வைத்துச் சுருட்டியதாக இருக்கும். இன்னொன்று, தனிக் கவுன்ட்டர் போட்டுக் கண்ணெதிரே செய்து தருவது. ராயல் கரீபியன் கப்பல்களில் அதற்கு 'இசுமி' என்று பெயர், கார்னிவலில் 'போன்சாய்', எம்.எஸ்.சி.யில் 'காய்ட்டோ'. சிங்கப்பூரிலிருந்து போகும் கெண்டிங் ட்ரீமில் 'உமி உமா'. இவையெல்லாம் பில் போடும் இடங்கள். ஓஷியானியா கப்பல்களில் 'ரெட் ஜிஞ்சர்' என்ற ஆசிய உணவகத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது; டிக்கெட் விலையிலேயே அதையும் சேர்த்து வாங்கிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

தரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எல்லோரும் மீனைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். நான் சோற்றைப் பார்ப்பேன். சுஷிக்குப் போடுவது ஜப்பானியக் குட்டை அரிசி. நம் கவுனி அரிசி மாதிரி ஒட்டும் ரகம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவ்வளவு பசை இதற்குக் கிடையாது. வெந்ததும் அகலமான தொட்டியில் கொட்டி, வினிகரில் சர்க்கரையும் உப்பும் கரைத்துத் தெளித்து, மரத் துடுப்பால் குழையாமல் வெட்டி வெட்டிக் கிளறுவோம். ஒருவர் கிளற, பக்கத்தில் ஒருவர் விசிற வேண்டும். கப்பலில் அந்த வேலையை மின்விசிறி பார்த்துக்கொள்ளும். பருக்கை தனித்தனியாகப் பளபளவென்று நின்றால் சோறு சரி. அதைக் கைச்சூட்டில் பிடித்து, வைத்ததுமே வாயில் போட்டுவிட வேண்டும்.

பஃபேக்கு அப்படி முடியாது. மத்தியானக் கூட்டத்துக்குக் காலையிலேயே சுருட்டிக் குளிர்ப்பெட்டியில் ஏற்றிவிடுவோம். குளிரில் சோறு விறைத்துப்போகும். ராத்திரி மிஞ்சிய இடியாப்பத்தை ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் சுட வைக்காமல் தின்றால் எப்படி இருக்கும், அப்படித்தான். அதைத் தின்றுவிட்டு 'சுஷி என்றால் இவ்வளவுதானா' என்று போகிறவர்கள் ஏராளம்.

அதனால் பிள்ளைகளைப் பில் போடும் கவுன்ட்டருக்கே ஒரு வேளை கூட்டிக்கொண்டு போங்கள். மேசையைவிட, சமையல்காரர் எதிரே இருக்கும் முக்காலி நல்லது. பெரிய தட்டாகச் சொல்லிவிடாமல் முதலில் இரண்டு துண்டு மட்டும் கேளுங்கள். கையில் எடுத்தால் உடையக் கூடாது. வாயில் போட்டால் பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும். அப்படி இருந்தால் மேற்கொண்டு சொல்லுங்கள், இல்லையென்றால் பில்லைக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள். பல கப்பல்களில் இந்த மாதிரி இடங்கள் சாயந்தரம்தான் திறக்கும். ஏறின அன்றே நேரம் கேட்டு இடம் போட்டுவிடுங்கள்.

சுற்றிலும் கடல். அப்படியானால் அன்றன்று பிடித்த மீனா போடுவார்கள்? பச்சை மீன் என்றால் பூச்சி, புழு இருக்காதா?
– ஒரு வாசகர், காரைக்குடி

கப்பலில் யாரும் வலை வீசுவதில்லை. மீன் துறைமுகத்தில் லாரியில் வந்து பெட்டி பெட்டியாக ஏறும், பெரும்பாலும் உறைந்த மீனாக. 'ஃபிரெஷ்தானா' என்று பரிசாரகரிடம் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். பச்சையாகத் தின்னும் மீனுக்கு உறைய வைப்பதுதான் பாதுகாப்பே. அமெரிக்க உணவு விதிப்படி, மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைக்க வேண்டும். அல்லது மைனஸ் 35-இல் கெட்டியாக உறைய வைத்து, அதே குளிரில் 15 மணி நேரம் வைக்க வேண்டும். புழு செத்துவிடும். சில சூரை வகைகளுக்கும், தீனி போட்டுப் பண்ணையில் வளர்த்த சால்மனுக்கும் இந்த விதியில் விலக்கு உண்டு.

ஆனால் உறைய வைத்தால் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான். அதற்குக் கை சுத்தம், கத்தி சுத்தம், குளிர்ப்பெட்டி மூன்றும் வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களில் அந்நாட்டு அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யின் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஏறிச் சோதிப்பார்கள். 100-க்கு 86 எடுத்தால் தேர்ச்சி. 85 என்றால் ஃபெயில்தான். அவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் சமையலறையில் ஓடும் ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! வெளியில் வைக்கும் சுஷி சோற்றுக்குப் புளிப்புகூட அளந்து எழுத வேண்டும், குறித்த அளவுக்குக் குறையக் கூடாது. வினிகர் ருசிக்கு மட்டும் அல்ல என்பது இப்போது புரிகிறதா?

கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சை மீன் பக்கம் போக வேண்டாம். வேக வைத்த இறால், சுட்ட விலாங்கு, முட்டை வைத்த சுஷியும் அதே கவுன்ட்டரில் இருக்கும்.

நாங்கள் சுத்த சைவம். பேரன் பேத்திகளோடு போகிறேன். நான் தின்னும்படி அதில் ஏதாவது உண்டா தம்பி?
– ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்

உண்டு ஆச்சி. வெள்ளரிக்காய், அவகாடோ, முள்ளங்கி ஊறுகாய் வைத்துச் சுருட்டியது கேளுங்கள். மேலே சுற்றியிருக்கும் கறுப்புத் தாள் கடற்பாசி; சைவம்தான். இரண்டு இடத்தில் மட்டும் உஷார். இனிப்பான டோஃபு (சோயா பனீர்) பையில் சோறு அடைத்து 'இனாரி' என்று தருவார்கள். பார்த்தால் பரம சைவம், ஆனால் அந்தப் பையைப் பெரும்பாலும் காய்ந்த மீன் சீவல் போட்ட சாற்றில்தான் வேக வைப்பார்கள். மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப்பும் அதே கதை. கலிஃபோர்னியா ரோல் என்று பச்சையும் வெள்ளையுமாக இருக்கும். உள்ளே இருக்கும் நண்டுக் குச்சி நண்டுகூட இல்லை, அரைத்த மீன்.

மீனுக்கும் காய்க்கும் பலகையும் கத்தியும் ஒன்றுதான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மனது ஒப்பாவிட்டால் முதல் நாளே தலைமைப் பரிசாரகரைக் கூப்பிட்டு, மறுநாளைக்குத் தனிப் பலகையில் செய்து தரச் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொன்னால் செய்வார்கள். கூட்ட நேரத்தில் போய்க் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகும் கப்பலில்?
– ஒரு வாசகர், பள்ளத்தூர்

கோர்டேலியாவைச் சொல்கிறீர்கள். சுஷியை நம்பி அதற்கு டிக்கெட் எடுக்காதீர்கள். கடலுக்காகவும் திருகோணமலைக்காகவும் போங்கள்.

செட்டிநாட்டுக் காரம் தின்று வளர்ந்த நாக்கு என்னுடையது. வசாபி என்னை என்ன செய்துவிடும்?
– ஒரு கல்லூரி மாணவர், அழகப்பாபுரம்

சுஷியோடு வைக்கும் அந்தப் பச்சை விழுது நாக்கை ஒன்றும் செய்யாது தம்பி, மூக்கைப் பிடித்துக்கொள்ளும். மிளகாய்க் காரம் நாக்கிலும் தொண்டையிலும் தங்கும். இது கடுகுக் காரம், ஆவியாகி மேலே ஏறும். கப்பலில் தருவது பெரும்பாலும் அசல் வசாபியும் இல்லை. குதிரை முள்ளங்கியும் கடுகும் பச்சை நிறமும் கலந்த விழுது. பட்டாணி அளவில் பாதி போதும். வீராப்பாக ஒரு கரண்டி போட்டுக்கொண்டால் கண்ணில் தண்ணீர் கொட்டும், ஒரு நிமிஷத்தில் போய்விடும். அந்த ஒரு நிமிஷம் மட்டும் எதிரே யாரும் செல்போனைத் தூக்காமல் பார்த்துக்கொள்.