கத்தருக்கு இந்த மரியாதை தகுமா?

கேள்வி: தெலங்கானா அரசு தன் திரைப்பட விருதுகளுக்கே தெலுங்குப் பாடகர் கத்தரின் பெயரை வைத்துவிட்டது. வாழ்நாளெல்லாம் துப்பாக்கியைப் புகழ்ந்து பாடிவிட்டு, கடைசியில் கோயில், ஓட்டு, கட்சி மேடை என்று பல்டி அடித்தவர் அவர். அவரை ‘மக்கள் பாடகர்’ என்று நீங்களும் எழுதுகிறீர்களே, நியாயமா?
— வாசகர் ஒருவர், ஓசூர்

பதில்: ஒரே கேள்வியில் இரண்டு குற்றச்சாட்டு வைத்திருக்கிறீர்கள். துப்பாக்கியைப் பாடினார் என்பது ஒன்று. அதை விட்டுவிட்டு ஓட்டுப் போடப் போனார் என்பது இன்னொன்று. முதலாவது தப்பு என்றால், இரண்டாவதைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சரி, இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அவருடைய பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் கேள்வியில் துப்பாக்கி இருக்கிறது, கோயில் இருக்கிறது, பாட்டைக் காணோம்.

கும்மடி விட்டல் ராவ் என்பது அவர் இயற்பெயர். மேடக் மாவட்டம் தூப்ரானில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்து பாதியில் விட்டார். பிறகு கனரா வங்கியில் வேலை. நிலையான சம்பளம் வரும் அந்த வேலையை 1984-ல் உதறினார். அதற்கு முன்பே நக்சலைட் இயக்கத்தின் கலைக்குழுவான ஜன நாட்டிய மண்டலியோடு ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தார். முதல் பாட்டுத் தொகுப்புக்கு, வெள்ளைக்காரனை எதிர்த்த கத்தர் (Ghadar) கட்சியின் நினைவாக ‘கத்தர்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அவர்மேலேயே ஒட்டிக்கொண்டது.

அவர் பாடும் விதத்தைப் பழைய வீடியோக்களில் ஒரு தடவையாவது பாருங்கள். வேட்டியை முழங்காலுக்கு மேல் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருப்பார். வெற்று மார்பு. தோளில் ஆடு மேய்ப்பவர்கள் போர்த்தும் கரட்டுக் கம்பளி, காலில் சலங்கை, கையில் ஒரு தடி. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் வயலில் பாடிப் பழகிய மெட்டு எதையாவது எடுப்பார். சொல் மட்டும் புதிது. இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்திப் பேச ஆரம்பிப்பார். கூலி எவ்வளவு, யார் நிலம், யார் உழைப்பு என்று பேச்சு போகும். பேச்சு சூடேறும் இடத்தில் டப்பு என்ற பறை முழங்கும். பின்பாட்டுக்காரர்கள் பல்லவியைப் பிடித்துக்கொள்வார்கள், அப்புறம் கூட்டமே அதைப் பாடும். புர்ரகதா, ஒக்குகதா, வீதி பாகவதம் எல்லாம் அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த கலைகள்தான். நம் தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த அமைப்பு புதிதாகத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அந்தப் பாட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் வேலை செய்யும் இடத்தில் பாடினார்கள். எனக்குத் தெரிந்து பெரிய பெரிய கவிஞர்களுக்குக்கூட அது வாய்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘மா பூமி’ என்ற தெலுங்குப் படத்தில் அவர் தோன்றிப் பாடும் ‘பண்டெனக பண்டி கட்டி’தான் பலருக்கு அவர் அடையாளம். அதை எழுதியவர் அவர் இல்லை. தெலங்கானா ஆயுதப் போராட்டக் காலத்தைச் சேர்ந்த யாதகிரியின் பாட்டு அது. நிஜாம் காலத்து நிலப்பிரபுவை எதிர்த்து எழுந்த பாட்டை, முப்பது வருஷம் கழித்து இன்னொரு தலைமுறையின் வாயில் போட்டார் கத்தர். மக்கள் பாடகர் என்று நாங்கள் எழுதுவது இந்த வேலைக்காகத்தான்.

இப்போது துப்பாக்கிக்கு வருவோம். இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அவர் நக்சலைட் இயக்கத்தின் பாடகர், அதில் ஆயுதம் ஏந்திய ஒரு பிரிவான மக்கள் யுத்தக் குழுவின் குரல். அந்தப் பாட்டுகளைக் கேட்டு வீட்டை விட்டுக் காட்டுக்குப் போன பிள்ளைகள் உண்டு, பலர் திரும்பவில்லை. அந்தப் போரில் செத்த போலீஸ்காரர்களும் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். 2023 ஆகஸ்டில் கத்தருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்றதும், உயிர்விட்ட காவலர்களின் பெயரைச் சொல்லி எதிர்ப்பு எழுந்தது. அந்த வலியை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனம் வராது. ஆயுதத்தைக் கொண்டாடிய பாட்டுகளை நான் கொண்டாட மாட்டேன்.

ஆனால் அவர் பாட்டுகள் எல்லாமே துப்பாக்கிப் பாட்டுகள் என்பது பொய். 1985 ஜூலையில் ஆந்திராவின் பிரகாசம் மாவட்டம் காரம்சேடுவில் தலித்துகளை ஆதிக்கச் சாதியினர் விரட்டி விரட்டி வெட்டிக் கொன்றார்கள். கேட்க நாதியில்லாத அந்தச் சாவுகளை ஊர் ஊராகப் பாடிக் கேட்க வைத்தவர் கத்தர். ரிக்‌ஷாக்காரரைப் பற்றிப் பாடினார், தாயைப் பற்றிப் பாடினார். போலீஸ் கெடுபிடியால் சில வருஷம் தலைமறைவாக இருந்துவிட்டு 1990 பிப்ரவரியில் ஹைதராபாத் நிஜாம் கல்லூரி மைதானத்தில் அவர் மேடையேறியபோது ஜனம் லட்சக்கணக்கில் கூடியது.

1997 ஏப்ரல் 6. போலி மோதல்களில் கொல்லப்பட்டவர்களின் உடலைக் குடும்பத்திடம் கொடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்த காலம். வீட்டுக்கே வந்து சுட்டார்கள். மற்ற குண்டுகளை எடுத்த டாக்டர்கள், முதுகெலும்பருகே இருந்த ஒன்றை எடுத்தால் ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். அதை உடம்பில் சுமந்தபடி இருபத்தாறு வருஷம் ஆடினார், பாடினார். 2004-ல் அரசுக்கும் நக்சலைட்டுகளுக்கும் பேச்சுவார்த்தை நடந்தபோது எழுத்தாளர்கள் வரவர ராவ், கல்யாண் ராவோடு சேர்ந்து இயக்கத்தின் சார்பில் நின்றவரும் அவர்தான். குண்டடி பட்டவர் பழிவாங்கச் சொல்லாமல் பேச வந்ததையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நீங்கள் சொல்லும் பல்டி. 2017-ல் மாவோயிஸ்டுகளை விட்டு விலகி அம்பேத்கர் வழி என்றார், கோயில்களுக்கும் போனார். 2018 தேர்தலில் வாழ்க்கையில் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். காங்கிரஸ் மேடையில் ராகுல் காந்தியைக் கட்டிப்பிடித்தார். 2023-ல் சொந்தக் கட்சியும் அறிவித்தார். இதில் சிலது எனக்கும் உறுத்தியது. கட்சித் தலைவர்களின் பக்கத்தில் அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் பல்டி என்பது ஆதாயத்துக்காக அடிப்பது. இவர் என்ன சம்பாதித்தார்? எம்.எல்.ஏ. ஆனாரா, மந்திரி ஆனாரா? தனி மாநிலம் கேட்ட தெலங்கானா போராட்டத்தில் அவருடைய ‘பொடுஸ்துன்ன பொத்துமீத’ பாட்டு தெருவெல்லாம் ஒலித்தது. மாநிலம் 2014-ல் பிறந்தது. அந்தப் பாட்டைப் பாடியவர் எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் ஆரம்பித்த பள்ளிக்கூடத்தின் வளாகத்திலேயேதான் அவரைப் புதைத்தார்கள்.

கடைசியாக, அந்த விருது. ஒரு பாட்டுக்கு ஆந்திர அரசின் திரைப்பட விருதான நந்தி விருது கொடுத்தபோது வேண்டாம் என்று மறுத்தவர் கத்தர். அதே நந்தி விருதுக்குப் பதிலாகத்தான் இப்போது அவர் பெயரில் விருது. இதில் எனக்கும் உடன்பாடில்லை. என் காரணம் வேறு. மேடை போட்டு நடிகர்களுக்குக் கேடயம் கொடுப்பதால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. 1997-ல் சுட்டவர்கள் யாரும் தண்டிக்கப்படவில்லை. அவர் பெயரைப் பயன்படுத்தும் அரசு முதலில் அந்த வழக்கைத் தூசி தட்டி எடுக்கட்டும்.