முழங்கை வலியும் உடம்பு வலியும் சேர்ந்து வந்தால்

கேள்வி: எனக்கு வயது 47. உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோய்க்காக 5 வருடமாக இரவில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். 3 மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் குத்துகிறது. டபராவில் காபி ஆற்றக்கூட முடியவில்லை. டென்னிஸ் எல்போ என்றார் டாக்டர். சொல்லிக்கொடுத்த பயிற்சியை இரண்டு நாள் செய்ததும் உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் ஆகி, 4 நாள் படுத்துவிட்டேன். கைக்கு ஓய்வு கொடுப்பதா, வேலை கொடுப்பதா?
– வாசகி, திருவையாறு

பதில்: வேலைதான் கொடுக்க வேண்டும், ஆனால் மற்றவர்களுக்குச் சொல்லும் அளவில் உங்களுக்குக் கூடாது.

மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முண்டில் வந்து ஒட்டுகின்றன. எதை இறுக்கிப் பிடித்தாலும் மணிக்கட்டு தொங்கிவிடாமல் நிறுத்துவது அவைதான். ஒட்டுகிற இடத்தில் நார் நைந்துபோவதுதான் டென்னிஸ் எல்போ. ஓய்வில் வலி அடங்கும். நைந்த நார் உறுதிப்படாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் பாரத்துக்குத்தான் அது தேறும். ஃபைப்ரோமயால்ஜியாவில் எந்த நாரும் நையவில்லை. மூளையும் தண்டுவடமும் வலிச் செய்தியைப் பெருக்கிக் காட்டுகின்றன. அதனால் முழங்கைக்குச் சரியான பயிற்சி உடம்புக்கு அதிகமாகிவிடுகிறது. உங்களுக்கு நடந்தது இதுதான். பயிற்சியில் கோளாறு இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு வகுத்த 18 தொடுவலிப் புள்ளிகளில் இரண்டு, முழங்கைகளின் வெளிப்பக்கத்தில்தான் இருந்தன. ஆகவே அழுத்தினால் வலிக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகை, உள்ளங்கை கீழே பார்க்க, முழங்கையை மடக்காமல் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். வலது கையில் அந்த முண்டிலேயே சுரீர் என்று, இடது கையில் ஒன்றுமில்லை என்றால் அது டென்னிஸ் எல்போ. இரண்டு கையும் அழுத்தினால் ஒன்றுபோல் வலித்து, பிடிப்பதாலும் தூக்குவதாலும் கூடவில்லை என்றால் பழைய ஃபைப்ரோமயால்ஜியா வலிதான். டபரா வலி முதல் வகை.

இனி பயிற்சி. மேஜை மேல் மடித்த துண்டைப் போட்டு, முன்கையை அதில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, கையை விளிம்புக்கு வெளியே நீட்டுங்கள். இடது கையைப் புறங்கை மேல் வைத்துக்கொண்டு வலது கையை மேலே தூக்கப் பாருங்கள்; இடது கை விடக்கூடாது. மணிக்கட்டு அசையவே கூடாது. முழுப் பலத்தில் கால் பங்கு போதும். 20 விநாடி பிடித்து, 1 நிமிடம் விட்டு, 4 தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள்.

செய்யும்போது 10க்கு 3 வரை வலித்தால் பயப்படவேண்டாம். மற்றவர்களுக்கு மறுநாள் காலை வலி பழைய நிலைக்கு வந்துவிட்டதா என்று பார்த்தால் போதும். உங்களுக்கு 2 நாள் பார்க்க வேண்டும், ஏனென்றால் உடம்பு வலி தாமதமாகத்தான் கிளம்பும். கிளம்பினால் பாதியாகக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வாரம் சுமுகமாகப் போனால் 30, பிறகு 45 விநாடி. அதன்பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்: இடது கை உதவியோடு மேலே தூக்கி, வலது கையால் மட்டும் 4 எண்ணும்வரை மெதுவாக இறக்குங்கள். 8 தடவை, இரண்டு சுற்று. ஒரு லிட்டர் பாட்டிலுக்குப் போக அவசரம் வேண்டாம். 3 மாதமாவது ஆகும். பலருக்கு ஒரு வருடத்துக்குள் குணமாகிவிடும்.

வீட்டு வேலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வலி குறைந்த நாளில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்துவிட்டு மூன்று நாள் படுப்பது இந்த நோயின் வழக்கமான பொறி. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நாச்சியார்கோவில் விளக்கு திருகுகளால் பூட்டியது. அதைக் கழற்றும் முறுக்கும், புளி போட்டுத் தேய்க்கும் இறுக்கமும் நேராக அந்த முண்டில்தான் இறங்கும். ரப்பர் கையுறை போட்டுத் திருகினால் இறுக்கிப் பிடிக்க வேண்டிய பலம் குறையும். ஒரு நாளைக்கு ஒரு விளக்கு. துணியைப் பிழியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போடுங்கள். எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்க்கட்டும். கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். கத்தியைவிட அருவாமனை முழங்கைக்கு நல்லது, ஏனென்றால் கருவியைக் கை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் தரையில் உட்கார்ந்தால் இடுப்பு கெஞ்சும் என்பவர்கள் மேடையில் பொருத்தியதை வாங்கலாம்.

முழங்கைப் பட்டை வேலை நேரத்துக்கு மட்டும். முண்டுக்கு இரண்டு விரல் கீழே, சதைப்பகுதியில் கட்டுங்கள். முண்டின் மேலேயே கட்டினால் பயனில்லை. தோல் தொட்டாலே வலிக்கிறது என்றால் பட்டையே வேண்டாம்.

கேள்வி: எனக்கும் இதே இரண்டு வலிகள். ஒரே ஊசியில் சரியாகும் என்கிறார்களே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஸ்டீராய்டு ஊசி போட்ட சில வாரம் அற்புதமாக இருக்கும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், போட்டவர்களைவிடப் போடாதவர்களே நன்றாக இருக்கிறார்கள். திரும்ப வருவதும் போட்டவர்களுக்குத்தான் அதிகம். ஊசி இறங்கிய இடத்தில் தோல் வெளுக்கலாம், சர்க்கரை நோயாளிக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். முழங்கையில் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவிப் பார்க்கலாம். அதே மருந்தை ஃபைப்ரோமயால்ஜியாவுக்கென்று தினமும் மாத்திரையாகப் போட்டால் வலி பெரிதாகக் குறையாது, வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். நீங்கள் ஃபைப்ரோமயால்ஜியாவுக்குத் தரும் டுலோக்செட்டின் அல்லது அமிட்ரிப்டிலின் சாப்பிடுபவர் என்றால், டிராமடால் என்ற வலி மாத்திரையை எழுதித் தரும் டாக்டரிடம் அதை முதலில் சொல்லிவிடுங்கள். சேர்ந்தால் நடுக்கம், படபடப்பு, வலிப்புவரை போகக்கூடும்.

கேள்வி: எண்ணெய் போட்டு உருவி விடலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: வெதுவெதுப்பான எண்ணெயை மெதுவாகத் தடவுவது சுகம். நரம்பைப் பிடிப்பதாகச் சொல்லிக் கட்டைவிரலால் அழுத்தி உருவுவது வேண்டாம். இரண்டு வலிகளையுமே அது கிளப்பிவிடும். மார்கழிக் காலையில் 15 நிமிடம் வெந்நீர்ப் பை ஒத்தடம் போதும். விரல் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி கையில் இறங்கினாலோ, மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ எண்ணெயை மூடிவைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். அது டென்னிஸ் எல்போ இல்லை.