ஐம்பது வயதுக்கு மேல் பொதுச் சேவைக்கு வர நினைப்பவர் எப்படித் தயாராக வேண்டும்?

கேள்வி: நாகர்கோவில் பக்கம் சொந்த ஊர். வயது 52. தனியார் நிறுவனத்தில் 26 வருட நிர்வாக அனுபவம். இன்னும் சில வருடத்தில் வேலையை விட்டு ஊருக்கு ஏதாவது செய்ய ஆசை. இந்த அனுபவமே போதுமா, தனியாகப் பயிற்சி வேண்டுமா?

பயிற்சி வேண்டும். குறைந்தது ஒரு வருடம். அனுபவம் போதும் என்று நம்பி இறங்கி, ஊருக்குக் கெடுதல் செய்துவிட்டவன் நான். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

நான் கட்டடப் பொறியாளர். மஸ்கட், துபாய் என்று 27 வருடம் வேலை பார்த்துவிட்டு, 55 வயதில் கல்குளம் தாலுகாவில் உள்ள எங்கள் ஊருக்குத் திரும்பினேன். சின்ன வயதில் நாங்கள் நீந்திக் குளித்த குளம் ஆகாயத்தாமரை மூடிப் பாதி தூர்ந்து கிடந்தது. மனசு பொறுக்கவில்லை. வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் பணம் திரட்டி, அளவெடுத்து, வரைபடம் போட்டு, ஜேசிபி இறக்கிப் பதினெட்டே நாளில் குளத்தை ஆழப்படுத்தினோம். அனுமதி என்று பார்த்தால், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதோடு சரி.

கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் சாகுபடிக்குத் தண்ணீர் தேவைப்பட்டபோதுதான் விஷயம் புரிந்தது. மடை மட்டத்துக்குக் கீழே தோண்டிய ஆழத்தில் நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் போகாது. குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைந்து கிடந்ததை நான் கவனிக்கவே இல்லை. அதனால் வந்த கொஞ்சம் தண்ணீரும் நான் தோண்டிய பள்ளத்தை நிரப்பவே சரியாகப் போனது, மடைக்கு எட்டவில்லை. வயல்காரர்கள் மோட்டார் வைத்து இறைத்தார்கள். அதைவிட மோசம், படித்துறைக்குப் பக்கத்தில் கரை செங்குத்தாகிவிட்டது. ஒரு பையன் வழுக்கி உள்ளே போய்விட்டான். துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். இன்றும் நினைத்தால் கை நடுங்குகிறது.

நாற்பது வருடமாக அந்த ஏலாவுக்கு (வயல்வெளிக்கு) மடை திறந்து அடைக்கும் பெரியவர் ஒருவர் அப்போது சொன்னார்: "சாரே, நீங்க குளத்த மட்டும் பாத்திய. தண்ணி எங்கேருந்து வருது, எங்க போவுதுண்ணு பாக்கல்ல." அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவரிடம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேட்டிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு வருடத் திட்டம் வைத்திருக்கிறது. 2009-ல் முதல் குழு சேர்ந்தது. இருபது இருபத்தைந்து வருடம் பெரிய பொறுப்புகளில் இருந்தவர்கள் மறுபடி வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறார்கள், ஆளுக்கொரு சமூகப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். கட்டணம் நமக்கெல்லாம் எட்டாது. ஆனால் பழைய வேலைக்கும் புதிய பொறுப்புக்கும் நடுவில் ஒரு வருடம் மாணவனாக இருப்பது என்கிற அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதை நம் மாவட்டத்திலேயே பெரிய செலவில்லாமல் செய்யலாம். நான் தாமதமாகத்தான் செய்தேன்.

திங்கட்கிழமைகளில் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் நடக்கும். மனு கொடுக்க வருபவர்களுக்கு எழுதிக் கொடுக்க அங்கே போய் உட்கார்ந்தேன். மூன்றாவது தடவையாக வந்திருந்த ஓர் அம்மாவின் மனுவை வாங்கிப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக்கு அவர் பட்ட கஷ்டம் இருந்தது. என்ன வேண்டும் என்பது எங்கேயும் இல்லை, சர்வே எண்ணும் உட்பிரிவும் இல்லை. அரைப் பக்கத்தில் திருத்தி எழுதிக் கொடுத்தேன். வெளிநாட்டில் அத்தனை வருடம் அறிக்கை எழுதிய பழக்கம் முதல்முறையாக ஊருக்கு உதவியது அன்றைக்குத்தான். பட்டா, அ-பதிவேடு (கிராமத்து நிலங்களின் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) இவற்றைப் படிக்கத் தெரியாமல் கிராமத்தில் எந்தப் பொது வேலையும் செய்ய முடியாது என்பதையும் அங்கேதான் கற்றேன். உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் பொறுமையாகக் கேட்டால் சொல்லித் தருவார்.

அப்புறம் சட்டம். முழுவதும் படிக்க வேண்டாம், உங்கள் வேலைக்குத் தேவையானதைப் படியுங்கள். பொதுவாக, 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள குளம் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. இந்த ஒரு வரி முன்பே தெரிந்திருந்தால் ஜேசிபியை இறக்குவதற்கு முன் சரியான அலுவலகத்துக்குப் போயிருப்பேன். அங்கே இருக்கும் பொறியாளர் மடை மட்டத்தைப் பற்றி முதல் நாளே கேட்டிருப்பார். 1994-ஆம் வருட ஊராட்சிகள் சட்டத்தையும் 2005-ஆம் வருட தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் அவசியம் பாருங்கள். பத்து ரூபாய் கட்டணத்தில் மனு போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஊராட்சிகளின் வளர்ச்சித் திட்டமும் செலவும் இ-கிராம் ஸ்வராஜ் என்ற அரசு இணையதளத்தில் இருக்கின்றன. நிர்வாகக் கணக்கு பார்த்துப் பழகிய உங்களுக்கு அது எளிது.

கிராம சபைக்குக் கட்டாயம் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. முதல் மூன்றில் பேசாதீர்கள். நான் பேச ஆரம்பித்த உடனே நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டதைப் பார்த்தேன். "சார் சொல்லட்டும்" என்ற மரியாதைதான் காரணம். ஆனால் எந்த ஓடையில் எங்கே அடைப்பு, எந்தத் தெருவிளக்கு எத்தனை நாளாக எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நிறுவனத்தில் கூட்டம் என்றால் முடிவு சொல்லும் இடத்தில் இருந்திருப்பீர்கள். இங்கே உங்களுக்குக் கீழே யாரும் இல்லை, யாருக்கும் நீங்கள் சம்பளம் தரவில்லை. இந்த மாற்றம் மனதில் பதிய எனக்கு ஒரு வருடம் முழுசாக எடுத்தது.

முறையான பொறுப்புகளும் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழு தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரும் சட்டத் தன்னார்வலர் வேலை உங்களுக்குப் பொருந்தும். குழந்தைகள் நலக் குழு மாவட்டந்தோறும் இருக்கிறது: ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அதற்குக் குழந்தை உளவியல், சட்டம், சமூகப்பணி போன்ற குறிப்பிட்ட பாடங்களில் ஒரு பட்டம் வேண்டும்; அதோடு குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நலன் சார்ந்த வேலையில் ஏழு வருட ஈடுபாடாவது, அந்தப் பட்டத்தை வைத்துத் தொழில் செய்பவர் என்ற தகுதியாவது வேண்டும். அதாவது, அறுபதில் ஓய்வு பெற்றுவிட்டு நாளைக்கே உறுப்பினராக முடியாது. 52 வயதில் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டது நல்ல நேரம். விடுமுறை நாட்களை இப்போதே இதற்கு ஒதுக்குங்கள்.

சவுதியில் செவிலியராக இருந்துவிட்டுத் திரும்பிய என் தங்கை, திருவனந்தபுரம் போய் வலி தணிப்புச் சிகிச்சைப் பயிற்சி எடுத்துக்கொண்டாள். கேரளத்தில் அந்த வேலை 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கி ஊர் ஊராகப் பரவியது. படுக்கையில் கிடப்பவர்களைத் தேடி வீட்டுக்குப் போகிறவர்களில் பெரும் பங்கு அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள். இருபது வருடம் வார்டில் நின்றவள், நோயாளியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கேட்பதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது என்று சொன்னாள். கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் கிடைக்கும் பயிற்சி அது, நம் மாவட்டத்துக்காரர்கள் இன்னும் நிறையப் பேர் போக வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒன்று. மதிப்பூதியத்தை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிட வேண்டாம். வீட்டில் உள்ளவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். என் மனைவியிடம் நான் குளம் வெட்டி முடித்த பிறகுதான் எவ்வளவு போட்டேன் என்று சொன்னேன், அது தப்பு.

அந்தக் குளத்தில் மறு வருடம் ஒன்றியத்தின் அனுமதியோடு வரத்துக்காலைத் தூர் எடுத்தோம். படித்துறை ஓரம் மண் கொட்டிச் சரிவாக்கினோம். எங்கே வெட்ட வேண்டும் என்று அந்தப் பெரியவர் மம்பட்டியால் கோடு போட்டார், நான் மட்டம் பார்த்துக் கொடுத்தேன்.

பேச்சிப்பாறை அணையில் வழக்கமாக ஜூன் 1-ல் கன்னிப்பூவுக்கு, அதாவது முதல் போக நெல்லுக்கு, தண்ணீர் திறப்பார்கள். அந்த வாரம் விடுப்பு கிடைத்தால் உங்கள் ஊர் சானல் (பாசனக் கால்வாய்) கரையோரமாகக் கடைவரம்பு வரை, அதாவது அது முடியும் இடம் வரை, ஒருமுறை நடந்து பாருங்கள். மடை திறக்கும் ஆள் யார் என்று விசாரித்து அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.