குழியானை ஏன் பின்னால் நடக்கிறது?

டீச்சர் பதில்கள்

கேள்வி: வணக்கம் டீச்சர். என் மகனுக்கு 9 வயது. பிறந்தநாளுக்குப் பூச்சிகள், விண்வெளி, மனித உடல் என்று 5 அறிவியல் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தேன். படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டான். "தினம் 2 பக்கம் படி" என்றால் அழுகைதான் வருகிறது. கதைப் புத்தகம் என்றால் மட்டும் உட்கார்ந்து படிக்கிறான். என்ன செய்வது?
வாசகி, தென்காசி

பதில்: அந்த 2 பக்கக் கணக்கை இன்றோடு விட்டுவிடுங்கள் அம்மா. கதையை முதல் பக்கத்திலிருந்துதான் படிக்க முடியும். தகவல் புத்தகம் அப்படி இல்லை. 43ஆம் பக்கத்தில் நுழைந்து 44இல் வெளியே வந்துவிடலாம், ஒரு படத்துக்குக் கீழே இருக்கிற நாலு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் மகன் படம் பார்த்ததே நல்ல ஆரம்பம். அவனிடம் இன்னும் கேள்வி இல்லை, அவ்வளவுதான். கேள்வி வந்த பிறகு அதே புத்தகத்தை அவனே தேடி எடுப்பான்.

கேள்வி எங்கிருந்து வரும்? நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தபோது, ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி தீப்பெட்டிக்குள் ஒரு குழியானையைப் பிடித்து வந்தாள். திண்ணையோரத்துப் புழுதியில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழி இருக்குமே, அதன் அடியில் ஒளிந்திருக்கும் பூச்சி. உள்ளங்கையில் விட்டதும் அது பின்பக்கமாகவே நகர்ந்தது. "டீச்சர், இது ஏன் ரிவர்ஸ்லயே போகுது?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "வா, பார்க்கலாம்" என்றேன். பள்ளியில் பூச்சிகள் பற்றிய புத்தகம் இருந்தது, ஆனால் அழுக்காகிவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி வாங்க ஒரு நாள் ஆனது. அந்த ஒரு நாள் தாமதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சாவி வருவதற்குள் பிள்ளைகள் பாதி விடையைத் தாங்களே கண்டுபிடித்துவிட்டார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்த ஒரு பையன், "இதோட முடியெல்லாம் முன்பக்கமா சாஞ்சிருக்கு" என்றான். குழிக்குள் விழுந்த எறும்பு திமிறி இழுக்கும்போது அந்த முடிகள்தான் மண்ணில் ஊன்றிக்கொள்கின்றன. பின்னால் நகர்ந்து மண்ணுக்குள் புதைவதற்கும் அவை தோது. மறுநாள் புத்தகம் வந்தது. தலையெழுத்தே என்று படிக்கிற பிள்ளைகள்கூட அன்று ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து படித்தார்கள். தாங்கள் சொன்னது சரியா என்று பார்க்க வேண்டுமே!

நீங்களும் இதைச் செய்யலாம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நாலு விரல்கடை உயரத்துக்கு நன்றாகக் காய்ந்த, சலித்த புழுதியைப் போட்டு ஒரு குழியானையை விடுங்கள். பின்னாலேயே வட்டமடித்து, தலையால் மண்ணை வீசி வீசிக் குழி தோண்டும். ஓர் எறும்பை உள்ளே விட்டால், அது ஏற ஏறச் சரிவு உதிரும், கீழேயிருந்தும் மண் பறந்து வந்து விழும். ஏன் உதிர்கிறது? சமையலறையிலிருந்து உப்பு, கேழ்வரகு, ரவை மூன்றையும் எடுத்து மூன்று தட்டில் மெதுவாகக் குவிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு கொட்டினாலும் குவியல் ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாக நிற்காது, சரிந்துவிடும். அந்த அளவு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. குழியானை தன் குழியை மண் சரியப்போகிற அந்த விளிம்பிலேயே கட்டி வைத்திருக்கிறது. எறும்பின் கால் பட்டால் போதும்.

இரண்டு நாளுக்கு ஓர் எறும்பு போட்டு வளர்த்து வந்தால், ஒருநாள் குழி தூர்ந்துபோகும். செத்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். உள்ளே மண்ணும் பட்டு நூலும் சேர்ந்த உருண்டையாகிக் கிடக்கும். ஓர் ஈர்க்குச்சியை நட்டு வையுங்கள். எங்களுக்கு ஒரு மாதம் போல ஆனது. வெளியே வந்தது குச்சியில் ஏறித் தொங்கி, கசங்கிய இறக்கையை விரித்தது. "தட்டான்!" என்று கத்தினார்கள். தீப்பெட்டிக்காரி மட்டும், "இல்ல, கொம்பு நீளமா இருக்கு, நுனி தடிச்சிருக்கு. தட்டானுக்குக் கொம்பே தெரியாது" என்றாள். அவளுக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கம் வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். "இதிலிருந்து என்ன கத்துக்கிட்டே?" என்று மகனிடம் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி வந்த நிமிடமே அது பாடமாகிவிடும். பூச்சிப் புத்தகத்தை டப்பாவுக்குப் பக்கத்தில் திறந்து வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

கேள்வி: என் பேத்தி பொது அறிவு வினா விடையில் பரிசு வாங்குகிறாள். 200 கேள்விக்கு மனப்பாடமாகப் பதில் சொல்கிறாள். இதுவும் அறிவு ஆர்வம்தானே?
வாசகர், கும்பகோணம்

பதில்: நல்ல நினைவாற்றல் ஐயா, பாராட்டுங்கள். ஆனால் ஆர்வம் வேறு. அடுத்த முறை கரண்ட் போகும்போது ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். நன்றாக எரிந்தபின் ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளைப் புகை எழும். உடனே எரியும் தீக்குச்சியைத் திரியில் வைக்காமல், கொஞ்சம் மேலே அந்தப் புகையில் காட்டுங்கள். தீ புகை வழியே கீழே தாவித் திரியைப் பற்றும். (ஜன்னலைச் சாத்திவிடுங்கள், காற்று அடித்தால் நடக்காது. தீக்குச்சி உங்கள் கையில் இருக்கட்டும்.) பேத்தி "எப்படித் தாத்தா?" என்று கேட்டால், அந்தப் புகையே மெழுகுதான் என்பதை அவளாகக் கண்டுபிடிக்கும்வரை மெழுகுவர்த்தி தீர்ந்தாலும் பரவாயில்லை.

மைக்கேல் ஃபாரடே என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டனில் பிள்ளைகளுக்கு 6 உரைகள் நிகழ்த்தினார். ஆறும் ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றித்தான். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அவர், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலுக்குள் வந்தவர். படித்ததை அப்படியே நம்பாமல், கைக்காசில் வாங்க முடிந்த பொருள்களை வைத்துச் செய்தும் பார்த்தார்.

கேள்வி: நான் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். புத்தகம் வாங்க வசதி இல்லை, மகளோடு உட்கார நேரமும் ஞாயிறு மட்டும்தான். எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது டீச்சர்?
வாசகர், அம்பத்தூர்

பதில்: ஞாயிறு போதும் தம்பி. பக்கத்துக் கிளை நூலகத்தில் மகள் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்குங்கள். எந்தப் புத்தகம் என்பதை அவளே எடுக்கட்டும், அது உங்களுக்குச் சின்னதாகத் தெரிந்தாலும் சரி. ஒருநாள் பஸ் ஏறி கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள், அங்கே குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்தும் 'துளிர்' மாத இதழைக் கேட்டுப் பாருங்கள். கைபேசி இருந்தால், அர்விந்த் குப்தாவின் இணையதளத்தில் குப்பையில் கிடக்கும் பொருள்களைக் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்யும் முறைகள் இலவசமாகவே இருக்கின்றன.

புத்தகமே இல்லாமல் தொடங்க வேண்டுமா? மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நட்டு, ஞாயிறுதோறும் நண்பகலில் நிழலின் நுனிக்குச் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பிப்ரவரியிலிருந்து கோடு குச்சியை நெருங்கிக்கொண்டே வரும். ஏப்ரல் 24ஐ ஒட்டி சென்னையில் நிழல் குச்சியின் அடியிலேயே மறைந்துவிடும், சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அது கடிகாரத்தில் 12 மணிக்கு நடக்காது, 12:07 வாக்கில் நடக்கும். ஏன் 7 நிமிடம் தாமதம் என்று மகள் கேட்பாள். நூலகத்தில் அட்லஸ் வாங்கி, 82½ பாகைத் தீர்க்கரேகையை விரலால் தொடச் சொல்லுங்கள். நம் கடிகாரம் அந்தக் கோட்டின் நேரத்தைக் காட்டுகிறது. சென்னை அதற்கு மேற்கே இருக்கிறது, சூரியன் வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும்.

கோடுகளை அளந்து எனக்கு எழுதுங்கள். தென்காசி அம்மாவும் மகனோடு ஒரு குச்சி நடட்டும். அவர்கள் ஊரில் நிழல் ஏறக்குறைய சித்திரை பிறக்கும்போதே, உங்களுக்குப் பதினோரு நாள் முன்னால் மறைந்துவிடும். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறேன்.