வேலையிலிருந்து நீங்களாகவே நின்றாலும் கிராஜுவிட்டி உண்டு

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு டைலராக 6 வருடம் 8 மாதம் வேலை பார்த்தேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் போன மாதம் நின்றுவிட்டேன். கிராஜுவிட்டி (வேலையை விடும்போது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடை) கேட்டதற்கு, "நீயாக நின்றால் கிடையாது, பீஸ் ரேட்டுக்கும் கிடையாது. வவுச்சரில் கையெழுத்துப் போட்டு 10,000 வாங்கிக்கொள்" என்கிறார் மேனேஜர். கன்சல்டன்ட் ஒருவர் 20 சதவீதம் கொடுத்தால் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பிஎஃப் பாஸ்வேர்டை அவரிடம் கொடுத்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மேனேஜர் சொன்ன இரண்டுமே தவறு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில் 5 வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவர் ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வந்த நாளிலிருந்தே இப்படித்தான். பீஸ் ரேட்டுக்குக் கணக்குப் போடும் முறையும் சட்டத்திலேயே இருக்கிறது. கடைசி மூன்று மாதம் வாங்கிய கூலியில் ஓவர்டைமைக் கழித்து, ஒரு நாள் சராசரி எடுக்க வேண்டும். அது 500 ரூபாய் என்று வையுங்கள். வருடத்துக்கு 15 நாள் கூலி, அதாவது 7,500. ஆறு மாதத்துக்கு மேல் போன மிச்சம் முழு வருடமாகக் கணக்காகும் என்பதால் உங்களுக்கு 7 வருடம். மொத்தம் 52,500. இதற்குத்தான் 10,000 தருகிறேன் என்கிறார்கள். கன்சல்டன்ட் கேட்கும் 20 சதவீதமே 10,500 வருகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் இல்லை என்று கம்பெனியே சில வாரம் மூடியிருந்தால், "இடைவெளி விழுந்துவிட்டது, சர்வீஸ் போச்சு" என்பார்கள். உங்கள் தப்பில்லாமல் வேலை நின்ற நாட்களால் சர்வீஸ் அறுந்துபோகாது.

உங்களுக்குப் பொருந்தாத ஒரு விஷயம், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. தொழிலாளி இறந்துபோனாலோ, விபத்திலோ நோயிலோ வேலை செய்ய முடியாதபடி ஆகிவிட்டாலோ, அந்த 5 வருடக் கணக்கே கிடையாது. மூன்று வருடம் வேலை பார்த்த மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் என்னிடம் வந்தார். ஐந்து வருடம் ஆகவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவரும் நம்பிப் போய், ஒரு வருடம் கழித்து வேறு ஏதோ வேலையாக வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார். இறந்தவருக்கு 5 வருடம் தேவையில்லை. உங்களோடு வேலை பார்த்த பெண்கள் அத்தனை பேருக்கும் இதைச் சொல்லுங்கள்.

சரி, வவுச்சருக்கு வருவோம். தொகை எழுதாத வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குவது இங்கே பழைய வித்தை. கையில் 10,000 கொடுத்துவிட்டு, பிறகு அதில் 52,500 என்று எழுதிக்கொள்வார்கள். குறைத்து வாங்கினேன் என்று நீங்கள் நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "வேறு எந்தப் பாக்கியும் இல்லை" என்று டைப் அடித்த தாளும் அதே ரகம்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வேலையில் சேர்ந்த தேதி, நின்ற தேதி, கேட்கும் தொகை மூன்றையும் வெள்ளைத் தாளில் எழுதிக் கம்பெனிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நகலையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். நின்ற 30 நாளுக்குள் அனுப்புவது நல்லது. தேதி தாண்டினாலும் அதைக் காரணம் காட்டி உரிமையை மறுக்க முடியாது. உண்மையில் நீங்கள் கேட்காவிட்டாலும் கணக்குப் போட்டு 30 நாளில் கொடுக்க வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. தாமதித்தால் வட்டியும் சேரும். பிஎஃப் பாஸ்புக், இஎஸ்ஐ அட்டை, கூலிச் சீட்டு, வங்கிக் கணக்கில் கூலி விழுந்த பதிவு எல்லாம் சாட்சி.

பணம் வராவிட்டால் தொழிலாளர் துறையில் இதற்கென இருக்கும் அதிகாரியிடம் மனு கொடுங்கள். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் பொறுமை வேண்டும். கம்பெனித் தரப்பு வராது, வாய்தா விழும். அடுத்த முறை வருவார்கள், அதிகாரி மீட்டிங்கில் இருப்பார். தீர்ப்பு வந்தபின்னும் பணம் வராவிட்டால், நிலவரிப் பாக்கி போலக் கலெக்டர் மூலம் வசூலிக்கலாம் என்கிறது சட்டம். அந்தக் கோப்பு தாலுகா ஆபீஸில் எத்தனை மாதம் தூங்கும் என்று கேட்காதீர்கள். கூலிக்காரர் இவ்வளவு நடக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் பல கம்பெனிகள் 10,000 பேசுகின்றன. ஒன்று மட்டும் உங்கள் பக்கம்: கம்பெனி அப்பீல் போக வேண்டுமானால் முழுத் தொகையையும் முதலில் கட்டியாக வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, பழைய கணக்கு செல்லாது என்று கன்சல்டன்ட் பயமுறுத்தலாம். அதிலும் 5 வருடம், 15 நாள் கூலி அப்படியேதான் இருக்கிறது.

பிஎஃப் பணம் எடுக்க யாருக்கும் கமிஷன் கொடுக்கத் தேவையில்லை. அவரிடம் கொடுத்த பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள். பதிவு செய்த போன் நம்பரும் வங்கிக் கணக்கும் இன்னும் உங்களுடையதுதானா என்று உள்ளே போய்ப் பாருங்கள். ஓடிபி கேட்டு அவர் கூப்பிட்டால் போனை எடுக்க வேண்டாம்.