வெள்ளைக்குப் பின்பக்கம்

வணக்கம். 1975-ல் டோக்கியோ காலரியில் நடந்த ‘ஐந்து கொரிய ஓவியர்கள், ஐந்து வெள்ளைகள்’ கண்காட்சி பற்றிப் படித்தபின், டான்செக்வா என்ற கொரிய ஓவியப் பாணியின் படங்களைச் செல்பேசியில் தேடிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளையடித்த சுவர்போலவே இருக்கின்றன. தியானம், வெறுமை என்றெல்லாம் எழுதுகிறார்கள். யாருடைய படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிடிபடவில்லை என்பதை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு நன்றி. ஆனால் நான்கு விரல் அகலத் திரையில் பார்த்துவிட்டுச் சுவர் என்று தீர்ப்பெழுதியது தப்பு. கோபமாகவே சொல்கிறேன். தியானப் பேச்சை விட்டுவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு படத்தையும் பார்க்க முடியாது.

டான்செக்வா என்றால் ஒற்றை நிற ஓவியம். அந்தப் பெயர்தான் ஆளைத் திசைதிருப்புகிறது. நிறம் அங்கே கடைசிச் சங்கதி. துணியையும் காகிதத்தையும் களிமண்ணையும் கை என்ன பாடு படுத்தியது என்பதுதான் படம்.

சங் சாங்-ஹ்வாவைப் பாருங்கள் (அந்த ஐவரில் இவர் இல்லை). சீனாக் களிமண்ணைத் தண்ணீரும் பசையும் விட்டுக் குழைத்து, கேன்வாஸ்மேல் சில மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசுவார். நன்றாகக் காய்ந்தபின் துணியைச் சட்டத்திலிருந்து கழற்றி, பின்பக்கம் கட்டம் போட்டு, கோட்டுக்குக் கோடு மடிப்பார். முன்பக்கம் களிமண் விரிசல் விடும். கட்டங்களில் உள்ள மண்ணைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்து, அந்தக் குழிகளில் அக்ரிலிக் வண்ணத்தை நிரப்புவார். காய்ந்ததும் மறுபடி பெயர்ப்பது, மறுபடி நிரப்புவது. ஒரு படத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். பசை குறைந்தால் மடிக்கும்போதே மண் மாவாய் உதிரும். கூடினால் பூச்சு தோல்போல வளையும், உடையாது. ஈரத்தோடு மடித்தால் விரிசல் வராது, நசுங்கும். இத்தனையையும் தாண்டி வந்த கட்டங்களில் ஒன்று மேடு, அடுத்தது பள்ளம், ஒன்றின் விளிம்பு பிசிறு. இதையா சுவர் என்கிறீர்கள்? சுவருக்குப் பட்டி பார்ப்பவர் விரிசலை மூடுவார். இவர் அதை உண்டாக்குகிறார்.

ஹா சோங்-ஹியூன் 1974 முதல் சாக்குத் துணியின் பின்பக்கமிருந்து எண்ணெய் வண்ணத்தை அழுத்தித் தள்ளினார். இழைகளின் சந்து வழியே முன்பக்கம் பிதுங்கி வரும். போருக்குப் பிந்தைய கொரியாவில் உதவித் தானியம் வந்தது அந்த வகைச் சாக்கில்தான். வண்ணம் இளகினால் வழியும், இறுகினால் இழை தாண்டாது. பார்க் சியோ-போ, ஈரம் காயாத வெள்ளை வண்ணத்தில் பென்சிலால் கோடு கோடாகக் கீறியவர். அவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

யாரிடம் தொடங்குவது என்று கேட்டீர்கள். குவோன் யங்-வூவிடம். ஐவரில் ஒருவர். மரப்பட்டை நாரில் செய்யும் ஹான்ஜி காகிதத்தை விரல் நகத்தால் கிழித்தும் துளைத்தும் படம் செய்தவர். வாய்ப்புக் கிடைத்தால் நேர் எதிரே நிற்காதீர்கள். பக்கவாட்டில் தள்ளி, வெளிச்சம் காகிதத்தை உரசிக்கொண்டு போகும் கோணத்தில் நில்லுங்கள். ஒவ்வொரு கிழிசலின் ஓரத்திலும் மெல்லிய நிழல் விழும். வாய்ப்பில்லை என்றால், பக்கவாட்டு விளக்கில் எடுத்த நெருக்கப் படமாகத் தேடுங்கள். நேர் வெளிச்சத்தில் எடுத்த முழுப்படத்தில் அந்த நிழல் இருக்காது. நீங்கள் செல்பேசியில் பார்த்ததும் அப்படி எடுத்ததாகத்தான் இருக்கும்.