மீட்டர் வேலை போகட்டும், லைன் வேலை இருக்கிறது

கேள்வி: என் மகன் மின்னியல் டிப்ளமோ முடித்திருக்கிறான். மின்சாரம், குடிநீர் என எங்கு பார்த்தாலும் ஸ்மார்ட் மீட்டரும் கணினியும் வந்து ஆட்களைக் குறைக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதே என்று சொல்லிவிட்டேன். சரிதானே? – வாசகர் ஒருவர்

பதில்: சரியில்லை. நீங்கள் ஒரு வேலையைப் பார்த்துவிட்டு ஒரு துறைக்கே கதவைச் சாத்துகிறீர்கள்.

வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை போகிறது, உண்மைதான். இத்தாலியின் எனெல் நிறுவனம் 2001இல் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே ஏறக்குறைய 3 கோடி மீட்டர்களை மாற்றிவிட்டது. கணக்கைத் தாமே அனுப்பும் மீட்டர்கள் அவை. அந்த வேலையை நம்பிப் போகிறான் என்றால் தடுங்கள்.

ஆனால் 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் நடந்ததையும் கேளுங்கள். கட்டுப்பாட்டு அறையில் ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. கணினிக்குள் ஊடுருவியவர்கள் துணை மின்நிலையங்களை ஒவ்வொன்றாகத் துண்டித்தார்கள். சுமார் 2,25,000 இணைப்புகள் இருண்டன. சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது எப்படி? ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு துணை மின்நிலையங்களுக்கே போய், பிரேக்கர்களைக் கையால் போட்டார்கள். அந்தக் கைகள் இல்லாவிட்டால் இருட்டு இன்னும் நீண்டிருக்கும்.

குடிநீரிலும் அப்படித்தான். ஆற்றில் புதுவெள்ளம் வந்தால் கலங்கலின் தன்மையே மாறிவிடும். ஆறு கண்ணாடிக் குவளைகளில் அந்த நீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரம் கலக்கி, எதில் கசடு நன்றாகத் திரண்டு படிகிறது என்று கண்ணால் பார்த்து அளவை முடிவு செய்ய ஒருவர் வேண்டும். கருவிகள் அவருக்கு உதவும், அவ்வளவுதான்.

அப்புறம், கூரைகளில் சூரியத் தகடுகள் பெருகப் பெருக, வீட்டிலிருந்தும் லைனுக்கு மின்சாரம் வருகிறது. பழுது வந்தால் உணர்ந்து லைனைத் துண்டிக்க வைக்கும் பாதுகாப்பு ரிலேக்கள் ஒரே திசைக்காகப் போட்டவை; அவற்றை மறுபடி கணக்கிட்டுச் சோதிக்க வேண்டியிருக்கிறது. ரிலே சோதனை தெரிந்தவனுக்கு நல்ல காலம் இது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்றுக்கு. நிரந்தர ஊழியர் செய்த வேலையை ஒப்பந்தக்காரரிடம் விடுவது பல நாடுகளிலும் பரவியிருக்கிறது. கம்பத்தில் ஏறுபவர் முதலில் லைன் கிளியர், அதாவது லைனை அணைத்தாயிற்று, வேலை செய்யலாம் என்ற அனுமதி, வாங்கவேண்டும், மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்யவேண்டும், வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் எர்த் செய்யவேண்டும். யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால், அணைத்த லைனிலும் மின்சாரம் பின்னால் வந்து ஆளைக் கொன்றுவிடும். பயிற்சியும் கையுறையும் தராமல், துணைக்கு ஒரு ஆளும் இல்லாமல் கம்பத்தில் ஏற்றிவிடும் ஒப்பந்தக்காரர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மகனைப் போகச் சொல்லுங்கள். சேரும் இடத்தில் மூன்று விஷயங்களை அவன் கேட்கட்டும்: எத்தனை மாதம் பயிற்சி, லைன் கிளியர் தருவது யார், அடிபட்டால் பொறுப்பு யாருடையது. பதில் எழுத்தில் வராத இடத்தில் மட்டும் அவன் சேர வேண்டாம்.